இரண்டு பொட்டலம் அரளி

மாரப்பன் என் கடைக்குள் நின்று நைலான் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் எங்கள் பக்கம் புதிதல்ல. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில் கடை வைத்திருப்பவன் அதற்கெல்லாம் திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனிதக் குரல் வந்தால்தான் திரும்புவோம். அன்று வந்தது.

நல்ல வெயில் நேரம். துறைமுகத்துக்குள் போவதற்காக லாரிகள் வரிசையில் நின்றன. வரிசை காலையிலிருந்து ஓரடி நகரவில்லை. ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பே கொதிக்கவைத்துவிட்டார். மாரப்பன் சங்ககிரிப் பக்கத்து டிரைவர். எஞ்சினை அணைத்துவிட்டு, தார்ப்பாய் கட்டக் கயிறு வாங்க வந்திருந்தார். லாரிச் சாவி என் மேஜைமேல் கிடந்தது. அதில் பிளாஸ்டிக்கில் ஓர் எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் தொங்கின. திருஷ்டிக்கு வாடாத சரக்கு, நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஓடினோம். அவருடைய லாரியின் பின்பக்கத்தில் ஒரு பைக் முன்சக்கரம் மடங்கிச் செருகிக் கிடந்தது. ஓட்டிவந்த பையன் ரோட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். சற்றுத் தள்ளிக் கிடந்த அவனுடைய செல்போனில் யாரோ இன்னும், "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் எனக்குத் தெரிந்த பையன். என் நண்பர் தேசிங்கின் மகன் தீனா.

மாரப்பன் பதறிப்போய், தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தன் கேபின் கதவைத் திறந்தார். அதுதான் அவருக்கு வினையாயிற்று. பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து கூட்டம் ஓடிவந்தபோது டிரைவர் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரிவர்ஸ் எடுத்துக்கீறான்டா" என்றார் ஒருவர். அடுத்த நிமிடம் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். வலியில் கிடந்த தீனாவும், "ஆமா, லாரி பின்னால வந்துச்சு" என்றான். மாரப்பனின் முதுகிலும் முகத்திலும் அடி விழுந்தது.

நான் அங்கேதான் நின்றேன். "நிறுத்துங்கப்பா" என்று கத்தினேன். ஏன் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

"பார்க்கிறேன்"

போலீஸ் வந்தது. லாரியைக் காவல் நிலையத்து மதில் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாரப்பனின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீனாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்து, இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னையும் விசாரித்தார்கள். "உள்ளே வியாபாரத்துல இருந்தேன் சார், மோதினதைப் பார்க்கலை" என்றேன். மோதியதை நான் பார்க்கவில்லை என்பது சரிதான். மோதிய நேரத்தில் டிரைவர் என் மூக்குக்கு எதிரே நின்றார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். வாசலில் தொங்கும் கேமராவைக் காட்டிக் கேட்டார்கள். போன மழையில் தண்ணீர் இறங்கியதிலிருந்து அது திருடனைப் பயமுறுத்த மட்டும் தொங்குகிறது. அன்று சாயங்காலமே லாரி வரிசையும் நகர்ந்துவிட்டது. குழம்பு வைத்தவர் முதற்கொண்டு அங்கே நின்ற டிரைவர்கள் எல்லோரும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே சாட்சி நான்.

மறுநாள் மாரப்பன் கடைக்கு வந்தார். கண்ணோரம் வீங்கியிருந்தது. ஸ்டேஷன் மதிலோரம் லாரிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, நான் உங்ககிட்டதானுங்க நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. கேஸு ஆயிப்போச்சுன்னா மொதலாளி வண்டியத் தரமாட்டாருங்க. லைசென்ஸ் போயிட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

"பார்க்கிறேன்" என்றேன். தமிழில் இவ்வளவு வசதியான சொல் வேறு கிடையாது.

மிக்ஸியோடு இறங்கியவள்

ஏன் "பார்க்கிறேன்" என்றேன் என்பதற்குத் தேசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் சொந்தப் படகு வைத்திருப்பவர். இருபது வருடமாக என்னிடம்தான் கயிறு வாங்குகிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் தூத்துக்குடிப் பக்கத்து ஆள் இங்கே கடை வைத்தால் எந்த வயதிலும் அண்ணாச்சிதான். ஆக, அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அண்ணன். தம்பி யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு நாள் நானும் என் மனைவி செல்வக்கனியும் மாடியிலேயே கிடந்தோம். ரொட்டியும் தீர்ந்தது, செல்போனும் செத்தது. அப்போது தெரு முனையில் மோட்டார் சத்தம் கேட்டது. தேசிங்கு தன் ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். செல்வக்கனி மிக்ஸியைக் கட்டிப்பிடித்தபடி படகில் இறங்கினாள்.

"இன்னா தங்கச்சி, நகையெல்லாம் வுட்டுட்டு மிக்ஸிய தூக்கினு வர்றே?" என்றார் தேசிங்கு.

"நகை பேங்க்ல இருக்குண்ணே. மிக்ஸிதான வீட்ல இருக்கு" என்றாள் அவள்.

அப்படிப்பட்ட மனிதர், விபத்து நடந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் ஸ்டூலை இழுத்து உட்காருபவர், அன்று நின்றுகொண்டே கேட்டார்.

"நீ கடையிலதான இருந்தே அண்ணாச்சி. பாத்தியா? ஸ்டேசன்ல இன்னா சொல்லப் போற?"

நான் கயிற்றுச் சுருள்களைத் தூசி தட்ட ஆரம்பித்தேன். வாயை மூடிக்கொண்டிரு என்பதைத்தான் பெரிய மனிதர் நாசூக்காகச் சொல்கிறார் என்று என் புத்திக்குப் பட்டது. மகனுக்குக் காலில் கம்பி. லாரிமேல் தப்பு என்று ஆனால் இன்ஷூரன்ஸிலிருந்து ஏதாவது கிடைக்கும். படகோடு வந்து காப்பாற்றியவரிடம் போய், உன் பிள்ளை பொய் சொல்கிறான் என்று எந்த வாயால் சொல்வது?

"பூக் கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

"சரி. ஆத்தாவ கேட்டுக்கினே சொல்லு" என்று போய்விட்டார்.

மூன்றாம் தடவைப் பூ

இந்தத் தொடரில் ஊர் வம்பெல்லாம் எழுதுகிறீர்கள், சாமி விஷயம் எழுதுவதில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

பூக் கேட்பது எங்கள் குடும்பத்தில் காப்பி குடிப்பதுபோல. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, மனசுக்குள் கேள்வியைச் சொல்ல வேண்டும். வேறொருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது.

என் அப்பா மெட்ராஸுக்கு வந்ததே பூக் கேட்டுத்தான். முதல் தடவை சிவப்பு வந்ததாம். அம்மனுக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார். மறுபடி சிவப்பு. மூன்றாம் வெள்ளி வெள்ளை வந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். சாமி சொன்னதால்தான் வந்தேன் என்று கடைசிவரை எல்லோரிடமும் சொன்னார். பெட்டியில் போட வேண்டிய சட்டைகள் முதல் வாரமே இஸ்திரியாகி இருந்தன என்று அம்மா சொல்வாள்.

நானும் சளைத்தவனில்லை. கடைக்கு ஷட்டர் போடுவதற்குக் கேட்டிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் சிவப்பு நிறத்தில் வாங்கலாமா என்று கேட்டு, சிவப்புப் பூ வந்து, அது சரியென்று சொல்கிறதா வேண்டாமென்று சொல்கிறதா எனத் தெரியாமல் குடும்பமே ஒரு வாரம் குழம்பியிருக்கிறது.

ஆனால் அதுவரை பொட்டலத்தில் நான் கை வைத்ததில்லை.

மல்லிகை கண்ணில் படவில்லை

மறுநாள் காலை பூக்கடைக்குப் போனேன். வெள்ளை அரளி இல்லை, சிவப்பு மட்டும்தான் இருந்தது. பக்கத்திலேயே ஒரு கூடை நிறைய மல்லிகை குவிந்திருந்தது. அதுவும் வெள்ளைதான். இன்றைக்கு எழுதும்போது அந்தக் கூடை நன்றாகக் கண்ணில் தெரிகிறது. அன்றைக்கு, நம்புங்கள், தெரியவே இல்லை. தெரியாமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன்.

சிவப்பு அரளியை வாங்கினேன். கடைக்குள் உட்கார்ந்து செய்தித்தாளைக் கிழித்து ஒரு பொட்டலம் மடித்தேன். மிச்சப் பூவை எதிரே வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தேன். பிறகு அதையும் மடித்தேன். இரண்டும் ஒரே அளவாக, அழகாக வந்திருந்தன. அம்மனை ஏமாற்றுகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் மேல் பாரத்தை இறக்குகிறோம் என்றுதான் தோன்றியது.

கோயில் வாசலில் செல்வக்கனி கேட்டாள். "பொட்டலத்த நீங்களே கட்டிட்டீங்களா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத வார்த்தை அது.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பூசாரி ஏகாம்பரம், காலைப் பூசை முடிந்ததும் ஷேர் ஆட்டோ ஓட்டப் போகிறவர். சவாரி நேரமாகிவிட்டதால் அவசரத்தில் இருந்தார்.

"இன்னா விசயம் அண்ணாச்சி?"

"யாவார விசயம்பா."

"தாயே, அண்ணாச்சி யாவாரத்துக்கு நீதாம்மா நல்ல வழி காட்டணும்" என்று தெருவுக்கே கேட்கக் கூவிக் கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மாரப்பனுக்குச் சாட்சி சொல்லலாமா என்று கேட்டேன். செல்வக்கனி இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள்.

சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். என்னைப் போன்ற ஒருவன்தான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும். அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்க் கடலில் வீசினேன். வடக்கே உரத் தொழிற்சாலையிலிருந்து வழக்கமான அந்த நெடி வந்தது. அன்றைக்கு அதுகூட மணமாக இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். தேசிங்குக்குப் போன் போட்டு, "பூக் கேட்டேண்ணே. டிரைவருக்குச் சாட்சி சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா" என்றேன்.

அவர், "அப்டியா" என்றார்.

தேங்காய்த் தட்டு

மறுநாள் காலை தேசிங்கு கடைக்கு வந்தார். குளித்துத் திருநீறு பூசி, கையில் தேங்காய் பழத் தட்டு. பழையபடி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"கோயிலுக்கு போய்க்கினு இருக்கேன். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. இந்தப் பையன் சொன்னது எனக்கு ஒப்பவே இல்ல. எந்நேரமும் போன காதுல வெச்சுகினுதான் ஓட்டுவான். நின்ன வண்டில போய் வுட்டுகினு பொய் சொல்றானோன்னு மூணு நாளா சோறு எறங்கல. அதான் உன்னாண்ட வந்து கேட்டேன். டிரைவரு மேல தப்பு இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஸ்டேசனுக்கு போயிருப்பேன்."

நான் தட்டிலிருந்த தேங்காயைப் பார்த்தேன்.

"இப்ப ஆத்தாவே சொல்ட்டா. தப்பு அந்தாளு மேலதான். அவன் யோக்கியனா இருந்தா, அவனுக்கு சாட்சி சொல்லாதன்னு அவ சொல்வாளா? பெத்த புள்ளைய சந்தேகப்பட்டுட்டேனே. அதுக்குத்தான் தேங்கா."

எழுந்து போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஒரு நல்ல மனிதருக்கு நியாயம் தானாகவே தட்டுப்பட்டிருந்தது. அதை நான் சாமி பேரைச் சொல்லி மூடிவிட்டேன். வழி கேட்டு அவர்தான் என் கடைக்கு வந்திருக்கிறார். நானோ அவர் வாயை மூடச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் நல்லதாக இருந்து, எது என்று தெரியாதபோது கேட்பதற்குத்தான் பூ. தெரிந்த பதிலுக்குப் போய்ப் பூக் கேட்பது, கடவுளிடம் வாய்தா வாங்குவது. ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் புத்தி வந்தது.

மத்தியானம் செல்வக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பூக்கடைக்குப் போயிட்டு எனக்கு மல்லி வாங்காம வந்தீங்க பாருங்க, அப்பவே என்னமோ இருக்குன்னு நினைச்சேன். இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க."

சாதம் அப்படியே இருந்தது. எழுந்துவிட்டேன்.

படகு ஓரம்

குப்பத்தில், கரையேற்றிய படகின் நிழலில் தேசிங்கு வலையிலிருந்து நண்டு ஓடுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வா அண்ணாச்சி, இன்னா இந்த வெயில்ல?" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வானிலை பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புப் பூவை வெச்சது நான்தாண்ணே. அம்மா ஒண்ணும் சொல்லலை. பைக் மோதினப்ப டிரைவர் எங்கடைக்குள்ள நின்னு கயிறு பார்த்துக்கிட்டு இருந்தாரு. லாரிச் சாவி எம்மேஜைமேல கிடந்துச்சு. தீனா போன் ரோட்டுல பேசிக்கிட்டே கிடந்துச்சு."

அவர் கை நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் உன்னாண்டதான கேட்டேன்?" என்றார் மெதுவாக. "நீ இன்னாத்துக்கு ஆத்தாவ இழுத்தே?"

வலையைக் கீழே போட்டார்.

எழுந்து வீட்டுக்குள் போனார். தீனா கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. "போன்ல பேசிக்கினே வந்தியா?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு அந்தப் பையன் தேம்புகிற சத்தம் வந்தது. "பயந்துட்டேன் நைனா. எல்லாரும் ரிவர்ஸ்னு சொன்னாங்க, நானும் சொல்ட்டேன்."

தேசிங்கு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வா" என்றார். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னால் நடந்தார்.

ஸ்டேஷனில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். "அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். "பயம் சார்" என்றேன். அடுத்து தேசிங்கு, மகன் வீட்டில் சொன்னதைச் சொன்னார். மறுநாள் போலீஸ்காரர் வீட்டுக்கே போய்த் தீனாவிடம் கேட்டு எழுதிவந்தார்.

மாரப்பனுக்கு லைசென்ஸும் லாரியும் திரும்பக் கிடைத்தன. போகும்போது கடை எதிரே நிறுத்தி, இறங்கி வந்து கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றார். திரும்பி இரண்டடி வைத்தவர் நின்று, "மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா மொதலாளிகிட்ட இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டேனுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், ஏறிப் போனார்.

ஆடி ஞாயிறு

தேசிங்கு அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. காசிமேட்டில் கயிறு வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். மகன் விஷயத்தில் அவருக்கு என்மேல் வருத்தம் இல்லை என்று ஏகாம்பரம் ஆட்டோவில் போகும்போது சொன்னார். "அத்த அவரு மறந்துட்டாரு அண்ணாச்சி. பூவத்தான் மறக்கல."

எனக்கும் ஏகாம்பரத்திடம் ஒன்று பாக்கி இருந்தது. யாவார விசயம் என்று பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்பவே தெரியும். யாவாரத்துக்கு கேக்கற ஆளு மூஞ்சில அவ்ளோ வேர்வ வராது" என்றார்.

பங்குனி போயிற்று, சித்திரை, வைகாசி, ஆனி போயிற்று. ஆடி பிறந்தது. கோயிலில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை, கூழ் அண்டா அருகே கரண்டியோடு நின்றது தேசிங்கு.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். செல்வக்கனி பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள். வரிசையில் நகர்ந்தேன். என் முறை வந்தது. அவர் சட்டி நிறையக் கூழ் ஊற்றி, மேலே முருங்கைக்கீரை வைத்தார். நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நகரப்போனேன்.

"அண்ணாச்சி."

நாலு மாதம் கழித்து அந்தக் குரல். நின்றேன்.

"கூழு எப்டி கீது?"

ஆத்தாவுக்கு வார்த்த கூழை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எப்படி இருந்தாலும் அமிர்தம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஏகாம்பரம் தீபத்தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேசிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு பத்தலண்ணே" என்றேன்.

அவர் கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தார். விரலால் கூழைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "யாருப்பா அங்க, உப்பு எடுத்தா" என்று குரல் கொடுத்தார். என் சட்டியைக் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இரு. போட்டுத் தர்றேன்" என்றார்.